வேறு பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்

டிசம்பர் பிறந்தால் திருகோணமலைக்கு இரண்டு சாமான் தப்பாமல் வரும். ஒன்று மழை. மற்றது கேபிள் சனலில் பேய்.

சிறிலுக்கு இரண்டையும் கண்ணில் காட்டக்கூடாது. மழையையாவது மன்னிக்கலாம், அது தன் பாட்டில் பெய்துவிட்டுப் போய்விடும். பேய் அப்படியில்லை. நகைக்கடைக்காரனும் சீமெந்துக்காரனும் விளம்பரம் கொடுத்தால்தான் வரும். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஆறரைக்கு ‘மாரிகாலத்து ஆவிகள்’ என்று எழுத்து விழும், எழுத்திலிருந்து இரத்தம் வடியும். பிறகு கிணற்றுக்குள் இருந்து கதைக்கிற மாதிரி ஒரு குரல், “இது உண்மைச் சம்பவம்” என்று தொடங்கும். கேட்காமலே ஒருவன் ‘உண்மை’ என்று சொன்னால் அது பொய்தான் என்பது சிறிலின் கட்சி. துறைமுகத்தில் முப்பத்தொரு வருசம் இழுவைப் படகில் கயிறு பிடித்த மனுசன். கப்பல் கப்டன்மாரிலிருந்து சங்கத் தலைவர்மார் வரை எத்தனை பேருடைய உண்மையைக் கேட்டிருப்பார்.

“பேயின்ர காலைப் பாருங்கோ. றப்பர் செருப்பு,” என்பார். “பகலில எடுத்துப்போட்டு நீலமாக்கி இரவெண்டு காட்டுறான். அந்தா, மதில்ல காகம் நிக்குது. இரவில காகம் நிக்குமே?”

“வாயை மூடிக்கொண்டு பாக்க ஏலுமெண்டா இருங்கோ. ஏலாதெண்டா குசினிக்குப் போய்த் தேத்தண்ணியைப் போடுங்கோ,” என்பாள் மனைவி மக்டலின்.

மக்டலினுக்குப் பயம் கிடையாது. முறிந்து பொருந்தின வலது காலை ஒரு முக்காலியில் நீட்டிப் போட்டுக்கொண்டு, கையில் செபமாலையோடு, ஒரு கதையும் விடாமல் பார்ப்பாள். இந்தச் சனலில் வருகிற பேய்களில் முக்கால்வாசி சுனாமியில் போனதுகள்தான். இரண்டாயிரத்து நாலாம் ஆண்டு, கிறிஸ்து பிறந்த நத்தாருக்கு மறுநாள் போனதுகள். அதனால்தான் நிகழ்ச்சியை டிசம்பரில் வைத்திருக்கிறான்கள். சனம் அந்த மாதத்தில் எப்படியும் அழும். அழுகிற சனத்தை டிவிக்கு முன்னால் இருத்திவிட்டால் அவன்களுக்கு வேலை லேசு. ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதை.

கதை முடிந்ததும் மக்டலின் ஒரே வசனத்தைச் சொல்லுவாள். பூசை முடிவில் ஆமென் சொல்வதுபோல.

“பாவங்கள். முறையா அடக்கம் பண்ணாததுகள், அதுதான் அலையுதுகள். எங்கட பிள்ளைக்கு அந்த விதியில்லை. அவ தன்ர இடத்தில நிம்மதியாக் கிடக்கிறா.”

அந்த வசனம் வருகிற நேரம் பார்த்துச் சிறில் எழும்பி வாசல் படலையைப் பூட்டப் போய்விடுவார். பூட்டின படலையாக இருந்தாலும் போய் ஒருக்கால் இழுத்துப் பார்ப்பார்.

பிள்ளை டிலக்ஷி. போகும்போது ஏழு வயது. நத்தார்ப் பலகாரம் கொண்டு தாயும் மகளும் சாம்பல்தீவுக்கு, மக்டலினின் அக்கா வீட்டுக்குப் போனார்கள். சிறிலுக்கு அன்றைக்கு வேலை. கடல் வந்தபோது மக்டலின் தென்னைமரத்துக்கும் மதிலுக்கும் நடுவில் அகப்பட்டுக் கால் முறிந்து கிடந்தாள். பிள்ளை கையை விட்டுப் போய்விட்டது.

சிறில் மூன்று நாள் தேடினார். நாலாபக்கமும் இருந்து பிரேதங்களை உழவு இயந்திரத்திலும் படகிலும் கொண்டுவந்து கடற்கரையோர ஆஸ்பத்திரி விறாந்தையில் அடுக்கியிருந்தார்கள். சாம்பல்தீவுப் பிரேதம், கிண்ணியாப் பிரேதம் என்று பிரிக்க அன்றைக்கு ஆளில்லை. மூன்றாம் நாள் ஒரு உத்தியோகத்தன் வந்து, உரிமை கோராததுகளையெல்லாம் பின்னேரம் ஒரே கிடங்கில் புதைக்கப்போகிறோம் என்று சொன்னான். உள்ளே வார்ட்டில் மக்டலின் போகிற வாறவரையெல்லாம் பிடித்து, “பிள்ளையைக் கிடங்கில போட்டிடாதேங்கோ, கிடங்கில போட்டிடாதேங்கோ” என்று மன்றாடிக்கொண்டு கிடந்தாள்.

விறாந்தையின் கடைசியில் ஒரு பெட்டைப் பிள்ளை கிடந்தது. அதே உயரம். முகத்தில் அடையாளம் சொல்ல ஒன்றுமில்லை. கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு தாயத்து. டிலக்ஷிக்கு அந்த மாதம் முன்பல்லு இரண்டு விழுந்திருந்தது. இந்தப் பிள்ளைக்குப் பல்லெல்லாம் இருந்தது. சிறில் எல்லாவற்றையும் பார்த்தார். தன்னுடையது இல்லையென்று அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டே கயிற்றை வெட்டித் தாயத்தைக் கடலில் எறிந்துவிட்டு, “இது என்ர மகள்” என்று கைநாட்டைப் போல ஒரு கையெழுத்தை வைத்தார்.

பிள்ளையைக் கத்தோலிக்கச் சேமக்காலையில் அடக்கம் பண்ணினார்கள். மேலே கொங்கிறீற் சிலுவை, அதில் டிலக்ஷியின் பேர். வருசாவருசம் நவம்பர் இரண்டாம் திகதி, மரித்தவர்களின் நாளில், மக்டலின் நொண்டி நொண்டிப் போய் மெழுகுதிரி கொளுத்தி, பேர் சொல்லிக் கூப்பிட்டு, வீட்டுப் புதினமெல்லாம் சொல்லிவிட்டு வருவாள். சிறில் குடையைப் பிடித்துக்கொண்டு நிற்பார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க ஏலாது என்பார்கள். அவர் பத்தொன்பது வருசம் மறைத்தார்.

போன வருசம் டிசம்பரில் இரண்டாவது ஞாயிறு. வழக்கம்போல எழுத்தில் இரத்தம் வடிந்தது. வழக்கம்போல ஒரு பெட்டைப் பிள்ளைக்கு முழங்கால் வரை பொய்முடி வைத்து, ஒரு வாசலில் இருத்தி, மேலே வாளியால் தண்ணீர் ஊற்றியிருந்தான்கள்.

“இந்தக் குளிருக்குள்ள அந்தப் பிள்ளைக்குச் சளி பிடிச்சிருக்கும்,” என்றார் சிறில்.

“உஸ்ஸ்,” என்றாள் மக்டலின்.

அப்போது பொய்முடி போய் உண்மையான ஒரு மனுசி வந்தாள். கிண்ணியா றஹ்மா என்று கீழே எழுத்து ஓடியது. அறுபதுக்குக் கிட்ட வயது. சிவப்புப் பிளாஸ்ரிக் கதிரையில் நேராக இருந்துகொண்டு, கமராவைப் பார்க்காமல் தன் கையைப் பார்த்துக் கதைத்தாள்.

“பேயெண்டு நான் சொல்லல்ல. கனவுல வாறா. என்ட மகள், ஆதிலா. சுனாமியில போன, ஏழு வயசு. மையித்துக் கிடைக்கல்ல. ஒவ்வொரு டிசம்பரும் வந்து வாசல்ல இருந்துக்கிட்டுச் சொல்றா, ‘உம்மா, நான் இரிக்கிற இடத்துல என்னை வேற பேரு சொல்லித்தான் கூப்புடுறாங்க. நான் பதில் சொல்லாம இரிக்கன்’ எண்டு.”

இடி இடித்தது, டிவிக்குள்தான்.

“பாவம், முறையா அடக்கம் பண்ணாதது,” என்று மக்டலின் தொடங்கினாள். சிறில் படலைக்குப் போனார். அன்றைக்குப் படலையைப் பிடித்துக்கொண்டு மழைக்குள் நெடுநேரம் நின்றார்.

நாலு நாள் சமாளித்துப் பார்த்தார். கனவு என்பது வயிற்றுக் கோளாறு. டிவிக்காரன் சொல்லிக்கொடுத்த வசனமாகவும் இருக்கும். கிண்ணியாவில் ஏழு வயதுப் பிள்ளை ஒன்றா போனது? இப்படியெல்லாம் தனக்குத் தானே வழக்குப் பேசினார். வாய் திறந்தால் மக்டலினுடைய பிள்ளைக்கு நிலமில்லை. திறக்காவிட்டால் அந்த மனுசியினுடைய பிள்ளைக்குப் பேரில்லை. எந்தப் பக்கம் தூக்கினாலும் மற்றப் பக்கம் தாழ்ந்தது. ஐந்தாம் நாள் சேட்டு ஒன்றை மாட்டிக்கொண்டு பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிற சனல்காரனின் கடைக்குப் போனார். நிகழ்ச்சி எடுப்பவன் நிப்றாஸ். நாற்பது வயது, வயிறு வைத்தவன். கேபிளும் அவன்தான் இழுக்கிறது, பேயும் அவன்தான் பிடிக்கிறது.

“வாங்க ஐயா! உங்களிட்டயும் பேய் ஏதும் இருக்கா?”

“நீ காட்டுறதும் பேயில்லை, என்னிட்ட இருக்கிறதும் பேயில்லை. அந்தக் கிண்ணியா மனுசியின்ர விலாசத்தைத் தா.”

“ஏன் ஐயா?”

“அவ கனவெண்டு சொல்ல நீ ஏன் தண்ணி ஊத்தினனி?”

நிப்றாஸ் சிரித்தான். பிறகு கொஞ்சம் வெட்கப்பட்டான். “கனவை ஆரு பாப்பாங்க ஐயா? அவவுக்கும் கோவம்தான். பள்ளிவாசல்ல ஏசினாங்களாம், பேய்க்கதை சொல்லப் போனதெண்டு.” விலாசத்தை ஒரு பில் துண்டின் பின்பக்கத்தில் எழுதித் தந்தான்.

கிண்ணியாப் பாலத்தால் பஸ் போகும்போது சிறில் தண்ணீரைப் பார்க்கவில்லை. முன்னால் இருந்தவனின் பிடரியைப் பார்த்துக்கொண்டு போனார்.

றஹ்மா கடைகளுக்கு இடியப்பம் அவித்துக் கொடுக்கிறவள். முற்றத்தில் கழுவின தட்டுகளை வெயில் வருமோ வராதோ என்று பார்த்துப் பார்த்துக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். மகன் இன்பாஸ் முச்சக்கரவண்டியைத் துடைத்துக்கொண்டு நின்றான். முப்பது வயது தாண்டியவன்.

“நீங்களும் டிவியா?” என்றான். “போதும் வாப்பா. போயிட்டு வாங்க.”

“டிவியில்லை,” என்றார் சிறில். பிறகு சுற்றி வளைக்கத் தெரியாததால் நேரே றஹ்மாவைக் கேட்டார். “உங்கட மகள்ட கழுத்தில தாயத்து இருந்ததோ? கறுப்புக் கயிறு. வெள்ளிக் கூடு. ஒரு முனை நசுங்கினது.”

றஹ்மாவின் கையில் இருந்த தட்டு அப்படியே நின்றது.

“கடிச்சுக் கடிச்சு நசுக்கினவ,” என்றாள். “அது நான் டிவிக்குச் சொல்லல்லையே. ஆருக்குமே சொல்லல்லையே.”

சிறில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். இருக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் இருந்திருக்க மாட்டார். சொல்லி முடிய இன்பாஸ் துணியை எறிந்துவிட்டு வந்து அவர் சேட்டுக் கொலரைப் பிடித்தான்.

“விடு அவரை,” என்றாள் றஹ்மா. சத்தம் போடவில்லை. “குளிப்பாட்டினீங்களா?”

“ஓம். ஆஸ்பத்திரிக்குப் பின்னால தண்ணி பவுசர் நிண்டது. நான்தான் ஊத்தினனான். தலை முழுக்க மணல். மூண்டு வாளி.”

“மூண்டு,” என்றாள் அவள். “எதால சுத்தின?”

“மனிசியின்ர வெள்ளைச் சீலை. கட்டாத சீலை. புதுவருசப் பூசைக்கெண்டு வச்சிருந்தது.”

“அந்நிய ஆம்பிள குளிப்பாட்டியிரிக்காரு உம்மா,” என்றான் இன்பாஸ். அவனுக்கு அழுகை வந்துவிட்டது.

“ஏழு வயசுப் புள்ளைடா. அண்டைக்கு நீயும் நானும் எங்க இருந்த? மரத்துல தொத்திக்கிட்டு.” அவள் சிறிலைப் பார்த்தாள். “பத்தொன்பது வருசம். ஒரு நாள் கூட வாய் வரல்லையா உங்களுக்கு?”

“வந்தது. மூடிட்டன்.”

“ஏன்?”

“என்ர மனிசி நித்திரை கொள்ளோணும்.”

“நான்?” என்றாள் றஹ்மா.

மழை துமிக்கத் தொடங்கியது. கவிழ்த்த தட்டுகளை யாரும் எடுக்கவில்லை.

கடைசியில் அவள்தான் கதைத்தாள். “தோண்ட வேணாம். இருக்கிற இடத்துலயே இருக்கட்டும். பேரை மட்டும் எடுங்க. ஆனா பொஞ்சாதிக்குச் சொல்லிட்டு எடுங்க. களவா வச்சதுதான் இவ்வளவும். இன்னொருக்காக் களவு வேணாம்.”

மக்டலினுக்கு அடுத்த நாள் காலமை சொன்னார். அவள் நத்தாருக்குப் பலகார மா அரித்துக்கொண்டிருந்தாள். “மக்டலின், அங்க கிடக்கிறது எங்கட பிள்ளையில்லை,” என்றார். அதைவிட மெதுவாகச் சொல்ல அவருக்குத் தெரியவில்லை.

“பேய்ப் படம் பாத்துப் பாத்து உங்களுக்குத்தான் விசர்,” என்றாள். அரிதட்டு நிற்கவில்லை.

“முன்பல்லு இருந்தது. நான் பாத்தனான்.”

அரிதட்டு நின்றது. அவள் மாக்கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கையை எடுத்தபோது வாயைச் சுற்றி வெள்ளையாக இருந்தது, அந்த வாயால் கேட்டாள்.

“அப்ப எங்கட பிள்ளை எங்க?”

“தெரியாது.”

“கிடங்கிலயோ, கடலிலயோ?”

“தெரியாது மக்டலின்.”

“தெரியாமத்தானோ என்னோட இருந்து இவ்வளவு காலமும் சோறு திண்டனீங்கள்? குடை பிடிச்சனீங்கள்?”

அந்த நத்தாருக்கு வீட்டில் பலகாரம் இல்லை. இரண்டு மாதம் மக்டலின் அவரோடு கதைக்கவில்லை. சோறு வைப்பாள், கோப்பை மேசையில் சத்தமாக விழும். அவ்வளவுதான். சிறில் ஒரு நியாயமும் சொல்லவில்லை. உனக்காகத்தான் செய்தனான் என்று ஒருக்கால் வாய் வரை வந்தது. அது உண்மைதான். கேட்காமலே உண்மை சொல்லப்போகிறோமே என்று விட்டுவிட்டார்.

மாசி மாதம் மழை விட்டபிறகு றஹ்மாவையும் இன்பாஸையும் வரச்சொல்லிச் சிலுவையை எடுத்தார்கள். பங்குச் சுவாமியார் கேற்றைத் திறந்துவிட்டு ஒரு மரத்தடியில் போய் நின்றுகொண்டார். சிறில் இரும்பு அலவாங்கோடு போனார். கொங்கிறீற்று, லேசில் வரவில்லை. எழுபத்திரண்டு வயதில் மூச்சு வாங்க வாங்க இடித்தார். பார்த்துக்கொண்டு நின்ற இன்பாஸ் கொஞ்ச நேரத்தில் வந்து அலவாங்கை வாங்கி இடித்தான். அவன் கொண்டுவந்த மீசான் கட்டையை, முஸ்லிம் கபுறுகளில் வைக்கிற அடையாளக் கல்லை, தலைமாட்டில் நட்டார்கள். பேர் எழுதாத வெறும் கல். ஊரில் சிலர் முணுமுணுத்தார்கள், சேமக்காலைக்குள் மீசான் கட்டையா என்று. முணுமுணுக்கிறவர்கள் எந்தக் காலத்திலும் இருப்பார்கள்.

றஹ்மா முக்காட்டை இழுத்துக்கொண்டு கையேந்திப் பிரார்த்தித்தாள். முடிந்து முகத்தைத் தடவிக்கொள்ளும்வரை மக்டலின் தள்ளி நின்றாள். பிறகு நொண்டிக்கொண்டு கிட்டப் போனாள்.

“ஒவ்வொரு வருசமும் மெழுகுதிரி கொளுத்தினனான். பிழையோ?”

“வெளிச்சம்தானே,” என்றாள் றஹ்மா. “பேரு சொல்லிக் கூப்புட்டீங்களா?”

“ஓம். எல்லாப் புதினமும் சொல்லுவன்.”

“ஒண்டுக்கும் பதில் சொல்லியிருக்க மாட்டா. அவ பெரிய வீம்புக்காரி.”

இரண்டு பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எங்கே அழுகையாக மாறினது என்று சிறிலுக்குப் பிடிபடவில்லை. போகும்போது றஹ்மா, இனிக் கனவு வருமோ தெரியாது, வராவிட்டால் அதுவும் ஒரு கவலைதான் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகு மக்டலின் கதைக்கத் தொடங்கினாள். உப்புக் காணாது, பல்ப் எரியவில்லை, அப்படியான கதைகள். நவம்பர் இரண்டாம் திகதி வந்தது. எல்லாரும் மெழுகுதிரி வாங்கிக்கொண்டு போனார்கள். மக்டலின் வெளிக்கிடவில்லை. “எனக்கு எங்க போறது?” என்றாள்.

இந்த டிசம்பரும் எழுத்தில் இரத்தம் வடிந்தது. மக்டலின் கதிரையை டிவிக்குக் கிட்ட இழுத்துப் போட்டாள். செபமாலை கையில் இல்லை. பழைய கலண்டர்த் தாள் ஒன்றும் பேனையும் இருந்தது. பேய்கள் வந்தன, ஆம்பிளைப் பேய், கிழவிப் பேய். அவற்றை அவள் சட்டை செய்யவில்லை. பிள்ளைப் பேய் வந்தால் மட்டும் முன்னுக்குக் குனிந்து, முகத்தைப் பார்த்து, இடத்தின் பேரைத் தாளில் எழுதிக்கொண்டாள். கடைசியில் சொல்லுகிற அந்த வசனத்தை இப்போது சொல்லுவதில்லை. சிறில் எழும்பிப் போகவும் இல்லை. செருப்பைக் காட்டவில்லை, காகத்தைக் காட்டவில்லை.

முதல் கிழமை வெருகல் பக்கம் ஒரு இடம். போனார்கள். இரண்டாம் கிழமை நிலாவெளி. அங்கேயும் போனார்கள். மூன்றாம் ஞாயிறு, சல்லிக் கடற்கரையில் மீன் காயப்போடுகிற இடத்தில் பொழுதுபடும் நேரம் ஒரு பெட்டைப் பிள்ளை நின்று தண்ணீர் கேட்பதாகக் காட்டினான்கள். திங்கட்கிழமை மத்தியானம் மக்டலின் சீலை மாற்றிக்கொண்டு வந்து, “வெளிக்கிடுங்கோ,” என்றாள். கூடைக்குள் ஒரு போத்தல் தண்ணீர் வைத்திருந்தாள்.

சல்லியில் மழை விட்டிருந்தது. மீன் விரித்த சாக்குகளை நல்லம்மா என்கிற ஒரு மனுசி திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். மக்டலின் காலை இழுத்து இழுத்து அலைக்கரை வரை போய்விட்டாள். “டிலக்ஷி,” என்று கூப்பிட்டாள். பிறகு, வேறு யாராவது பதில் சொல்லிவிடக் கூடாது என்பதுபோல, முழுப் பேரும் சொல்லிக் கூப்பிட்டாள்.

சிறில் நல்லம்மாவிடம் போனார். “தங்கச்சி, அந்தப் பிள்ளை எந்தப் பக்கம் நிக்கிறதாம்?”

நல்லம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “டிவியில போனதோ? ஐயோ அண்ணை, அது நாங்கள் சும்மா சொன்ன கதை. அவங்கள் கமராவோட வந்து ஏதும் இருக்கோ, ஏதும் இருக்கோ எண்டு அரிச்சவங்கள். என்ர மச்சாள்தான் பகிடிக்கு ஒண்டைச் சொன்னவ. இஞ்ச அப்பிடி ஒண்டும்...”

“மெதுவாக் கதை,” என்றார் சிறில்.

அலைச் சத்தத்துக்குள் மக்டலின் திரும்பிப் பார்த்தாள். கையை நெற்றிக்கு மேல் பிடித்துக்கொண்டு, “என்னவாம்?” என்று கத்தினாள். “அவ என்ன சொல்லுறா?”

களவு வேணாம் என்று சொன்ன றஹ்மாவின் முகம் சிறிலுக்கு ஞாபகம் வராமல் இல்லை. நல்லம்மா மீனைக் கையில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்தாள். தூரத்தில் மக்டலின் ஒரு காலில் பாரத்தைப் போட்டுக்கொண்டு காத்து நின்றாள்.

“பொழுதுபடத்தான் வாறவவாம்,” என்றார் சிறில், அவளுக்குக் கேட்கும்படி.

மக்டலின் தலையை ஆட்டினாள். நனைந்த மணலில் கவிழ்த்து வைத்திருந்த ஒரு வள்ளத்தின் விளிம்பில் கூடையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். சிறில் போய்ப் பக்கத்தில் இருந்தார். பொழுதுபட இன்னும் மூன்று மணித்தியாலம் கிடந்தது.